ஒதுக்கி வைத்த புள்ளிகள்

சங்கரன்கோவில்
3.3.2025

அபிதாவுக்கு அத்தை பிச்சம்மாள் எழுதுவது.

நல்லா இருக்கியா என்று கேட்கவில்லை. கேட்டால் நீயும் பதிலுக்கு என்னைக் கேட்க வேண்டும். இரண்டு பேரிடமும் பதில் இல்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ராஜாவின் நீலப் பெட்டி இங்கே இருக்கிறது. கோயம்புத்தூர் வீட்டைக் காலி செய்துவிட்டு அவன் துணிமணியோடு நீதான் லாரி ஆபீஸில் போட்டு அனுப்பினாய். துணியைத் தை பிறக்கும் முன்னாலேயே கொடுத்துவிட்டேன். செருப்பையும் கொடுத்தாயிற்று. இந்தப் பெட்டியை மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். நேற்று எங்கள் அண்ணன் நல்லகண்ணு வந்து குனிந்து பார்த்துவிட்டது.

"வருசத் திதிக்குள்ள செத்தவன் சாமான் ஒண்ணும் வீட்டுல இருக்கப்படாது பிச்சம்மா. அதுலயும் சீட்டுக்கட்டு. பய சீட்டாடித் தொலைச்சான்னு ஏற்கெனவே ஊருக்குள்ள பேசுதானுவ."

"அது சீட்டு இல்லண்ணே, கார்டு."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? சொல்லு பாப்போம்."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மகனைப் பற்றி ஒருவன் தப்பாகப் பேசும்போது இல்லை என்று சொல்ல மட்டும் தெரிந்து, ஏன் இல்லை என்று சொல்லத் தெரியாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியுமோ என்னமோ.

அண்ணன் போனபிறகு திறந்து பார்த்தேன். ஒரு கிழவி புலி மேல் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு மரம் தீப்பிடித்து எரிகிறது. மூடி போட்ட ஒரு கிணறு. சில கார்டு வெயிலில் பிடித்தால் ஜிகினா மாதிரி மின்னுகிறது. எல்லாம் இங்கிலீஷ். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன், அதுவும் தமிழ்.

ஆனி மாதம் திதி வருகிறது. அதற்குள் நீ வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போ. வராவிட்டால் பழைய பேப்பர்க்காரனுக்குத்தான் போடவேண்டும். போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய். உன் ஹாஸ்டல் விலாசம் சாமான் வந்த அட்டைப்பெட்டி மேல் இருந்தது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

பொண்டாட்டி இல்லாமல் திதி செய்தால் ஊர் கேட்கும். ஊர் கேட்பது கிடக்கட்டும். நீ வந்தால் எனக்கும் தேவலை.

பிச்சம்மாள்


கோயம்புத்தூர்
12.3.2025

அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. தயவுசெய்து பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதீர்கள்.

போனை வேண்டுமென்று எடுக்காமல் இல்லை. உங்கள் குரல் அவர் குரல் மாதிரியே இருக்கிறது. நீங்கள் "சொல்லுதேன்" என்று ஆரம்பித்தால் அதற்குப் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் எனக்குக் கேட்பதில்லை. கடிதத்தில் குரல் இல்லை. அதனால் இதுவே நல்லது.

அந்தப் பெட்டியை என் கண் முன்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை என்றுதான் அன்றைக்கு அனுப்பினேன். இப்போது அதில் கொஞ்சம் எனக்கு வேண்டும். மாமாவிடம் சொல்லுங்கள், அது சூதாட்டம் இல்லை. அதில் காசு வைத்து ஆடுவது கிடையாது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவது. ஆளுக்கொரு கட்டு, அவரவர் யோசித்துச் சேர்த்தது. சதுரங்கம் மாதிரி என்று சொன்னால் அவருக்குப் புரியும்.

உங்களுக்கு முடிந்தால் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு கார்டிலும் கீழே வலது மூலையில் கடுகு அளவு ஒரு முத்திரை இருக்கும். கறுப்புப் புள்ளி உள்ள கார்டை எல்லாம் ஒதுக்கிவிடுங்கள். மற்றதைப் பெட்டியிலேயே போட்டு மூடிவிடுங்கள். ஆபீஸில் வருஷக் கணக்கு முடிக்கிற நேரம், விவரமாக எழுத முடியவில்லை.

திதிக்கு வருவதைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது. பதினாறாம் நாள் உங்கள் வீட்டில் நான் எந்த இடத்தில் இருந்தேன் என்பது எனக்கு மறக்கவில்லை.

அபிதா


சங்கரன்கோவில்
27.3.2025

அபிதாவுக்கு,

நீ சொன்ன வேலையை முடித்துவிட்டேன்.

பூ வேலை உனக்குத் தெரியும். காலையில் மார்க்கெட்டுக்குப் போனால் கட்டி முடித்துக் கமிஷன் கடையில் கொடுத்துவிட்டு வர மத்தியானம் ஆகிவிடும். சாப்பிட்டுவிட்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பிரித்தேன். பக்கத்து வீட்டுப் பொன்செல்வியும் கூட உட்கார்ந்தாள். நீ சொன்னபடியே மூலையில் முத்திரை இருந்தது. கறுப்புப் புள்ளி ஒன்று, வெள்ளி நிறத்தில் இலை ஒன்று, தங்க நட்சத்திரம் ஒன்று. நட்சத்திரம் போட்டதுதான் மின்னுகிறது. புள்ளிதான் ஏராளம். புலிக்கிழவிக்கு நட்சத்திரம், கிணற்றுக்குப் புள்ளி. பொன்செல்வி சொன்னாள், "கெணத்த எவன் மதிப்பான், அதான் புள்ளி வச்சித் தள்ளிட்டான்."

நட்சத்திரத்தையும் இலையையும் ராஜாவின் வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அந்த வேட்டி ஒன்றை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.

புள்ளியை நீ சொன்னபடி ஒதுக்கிவிட்டேன். வீணாக்கவில்லை. கமிஷன் கடையில் எங்களுக்கு நூல் பெரிய உருளையில் தருவார்கள். ஆளுக்குக் கொஞ்சம் அட்டையில் சுற்றிக்கொண்டுதான் கட்ட வேண்டும். மருந்து டப்பாவைக் கிழித்து அதில் சுற்றுவோம், அது ஈரத்தில் நைந்துவிடும். இந்தக் கார்டு நல்ல விறைப்பு. நடுவில் இரண்டு பக்கமும் கத்தரியால் ஒரு வெட்டு கொடுத்தால் நூல் வழுக்காமல் நிற்கிறது. ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டு தனியாக இருந்தது, பூராவும் புள்ளி. பிரிக்கிற வேலை மிச்சம் என்று அதைத்தான் முதலில் எடுத்துக் கொடுத்தேன். பூக்கட்டுகிற பொம்பிளைகள் எல்லாருக்கும் சந்தோஷம். "ராஜா பேரச் சொல்லி ஆளுக்கொரு அட்டை"யென்று ஷாஹின் பானு வாங்கிக்கொண்டாள். அவன் போனபிறகு அவன் பெயரை மார்க்கெட்டில் சிரித்த முகத்தோடு ஒருத்தர் சொன்னது அன்றைக்குத்தான்.

பதினாறாம் நாளைப் பற்றி எழுதியிருந்தாய். நானும் ஒன்று எழுதுகிறேன். அவனுக்குக் காய்ச்சல் என்று ஒரு வார்த்தை எனக்குச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் போன் வந்தது. நான் ராஜபாளையம் தாண்டும்போது அடுத்த போன் வந்துவிட்டது. அதை மறக்க எனக்கும் முடியவில்லை.

பெட்டி தயாராக இருக்கிறது. எப்போது வருகிறாய்?

பிச்சம்மாள்


கோயம்புத்தூர்
4.4.2025

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் படித்துவிட்டு அரை நாள் லீவு போட்டு வந்துவிட்டேன்.

ஒதுக்கச் சொன்னேன். கழிக்கச் சொல்லவில்லை. பத்திரமாகத் தனியே எடுத்து வையுங்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். உலகத்தில் எல்லாருக்கும் அதுதான் அர்த்தம்.

புள்ளி என்றால் கம்பெனி நிறைய அச்சடித்தது, மலிவு என்று முத்திரை. அதனால் வாங்குகிறவர்கள் பாக்கெட்டைப் பிரித்து மின்னுகிறதை எடுத்துக்கொண்டு புள்ளியைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். கடைக்காரர் அதைச் செருப்புப் பெட்டியில் கொட்டி ஓரத்தில் வைத்திருப்பார். உங்கள் மகன் சனிக்கிழமை சாயங்காலம் போய் அந்தப் பெட்டி முன்னால்தான் சம்மணம் போட்டு உட்காருவார். மின்னுகிற கார்டில் முக்கால்வாசி அழகுக்கு மட்டும். ஆட்டத்துக்கு ஆகாது, யாரும் தேடுவதில்லை. புள்ளியில் சிலது உண்டு, ஓரிரு தடவை மட்டும் அச்சடித்து நிறுத்தியது. எல்லாரும் அலட்சியமாக விட்டுவிட்டார்கள். பிற்பாடுதான் அது இல்லாமல் ஜெயிக்க முடியாது என்று ஆடுகிறவர்களுக்குத் தெரிந்தது. அப்போது தேடினால் எங்கே கிடைக்கும்? நீங்கள் சொன்ன மூடி போட்ட கிணறு அப்படி ஒன்று. தை மாதம் உங்கள் ஊர் மார்க்கெட்டில் ஒரு கிலோ மல்லிகை என்ன விலை போகுமோ அது போகும் அந்த ஒரு கார்டு.

ஆனால் நான் விலைக்காகக் கேட்கவில்லை. ரப்பர் பேண்ட் போட்ட கட்டு இருந்தது என்றீர்களே, அதுதான் அவர் ஆடுகிற கட்டு. நாற்பது கார்டு. பூராவும் புள்ளியை மட்டும் வைத்துக் கட்டினது. நட்சத்திரம் வைத்திருக்கிறவர்களை எல்லாம் அதை வைத்துத்தான் ஜெயிப்பார். கார்டுக்குப் போடுகிற பிளாஸ்டிக் மேலுறை கிழிந்திருந்தது, புதுசு வாங்கவேண்டும் என்று கழற்றி வைத்திருந்தார். கடையில் நண்பர்கள் ஜூனில் அவர் பெயரில் ஒரு ஆட்டம் வைக்கிறார்கள். அந்தக் கட்டை நான் எடுத்து ஆடுவதாகச் சொல்லியிருந்தேன். அவர் கை பட்டது என்று என்னிடம் வேறு எதுவும் இல்லை.

உங்களைச் சொல்லி என்ன? உங்களுக்கு ஒதுக்குவது கைவந்த வேலை. பதினாறாம் நாள் நான் உள் ரூமில் இருந்தேன். சமையல் நடந்த இடத்தில் நின்று நீங்கள் சொன்னது கதவு வழியாகக் கேட்டது. "அவள ஒதுக்கி வை." அதைக் கேட்டுவிட்டுத்தான் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இனி எழுத வேண்டாம்.

அபிதா


சங்கரன்கோவில்
10.4.2025

அபிதாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். வேண்டாமென்றால் படிக்காதே.

உலகத்தில் எல்லாருக்கும் ஒரே அர்த்தம் என்று எழுதியிருக்கிறாய். எங்கள் கமிஷன் கடையில் வந்து கேள். பூ வந்து இறங்கியதும் நிறம் மங்கினது, காம்பு ஒடிந்தது, மலர்ந்துவிட்டது எல்லாவற்றையும் ஒதுக்கு என்பார்கள். ஒதுக்கின பூ என்றால் விலை போகாத பூ. இத்தனை வருஷமாக அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் என் கை வேலை செய்கிறது. நீ ஒதுக்கு என்றாய், கை ஒதுக்கிவிட்டது. உனக்கும் தப்பில்லை, எனக்கும் தப்பில்லை. ஆனால் போனது போனதுதான்.

உன் கடிதம் வந்த மறுநாளே மார்க்கெட்டில் போய் நின்றேன்.

"எல்லாரும் ராஜா அட்டையக் குடுங்கட்டி" என்றேன்.

"கொடுத்தத் திருப்பிக் கேக்கியே, வெக்கமா இல்ல?" என்றாள் ஷாஹின் பானு. "நூலச் சுத்தி, கையும் பழகிருச்சு. நான் தரமாட்டேன்."

"அவன் ஆடுன கட்டுட்டி அது. தெரியாமக் குடுத்திட்டேன்."

அவள் மடியில் இருந்த அட்டையை எடுத்து, சுற்றியிருந்த நூலை எல்லாம் கை விரலுக்கு மாற்றிச் சுற்றிக்கொண்டு, கார்டை முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் கொடுத்தார்கள். எல்லாரும் இல்லை. ஒருத்தி வீட்டில் இருக்கிறது என்றாள். ஒருத்தி மகளுக்குக் கொடுத்தேன் என்றாள். பொன்செல்வி, என் கூடவே உட்கார்ந்து பிரித்தவள், நாலு வைத்துக்கொண்டு இல்லவே இல்லை என்றாள். தராசில் நிற்கிற மம்மது சத்தம் போட்டுச் சொன்னான், "யக்கா, ஊருக்குள்ள பெரும்புள்ளி இப்ப பொன்செல்விதான். இடுப்புல நாலு புள்ளி வச்சிருக்கா, பாத்துக்கோ." எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள்.

பதிலுக்கு நூல் சுற்ற அவர்களுக்கு வேண்டுமே. வீட்டில் கிடந்த கல்யாணப் பத்திரிகையை எல்லாம் வெட்டிக் கொடுத்தேன். உங்கள் பத்திரிகையும் மிச்சம் இருந்தது. அதை மட்டும் வெட்டவில்லை.

எல்லாப் புள்ளியும் கலந்து கிடக்கிறது. எது ஆட்டக்கட்டுக் கார்டு, எது சும்மாக் கார்டு என்று எனக்குத் தெரியாது. மாதிரிக்கு மூன்றை இதனோடு வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல். மற்றது எப்படி இருக்கும் என்று படம் வரைந்து அனுப்பு. இங்கிலீஷ் எழுத்தை உருவம் பார்த்து ஒத்துப் பார்க்க எனக்கு முடியும்.

இனி அந்தப் பேச்சு. பொன்செல்வியிடம் கேட்டேன், அன்றைக்கு அவள்தான் பரிமாறினாள். "அவளுக்கு ஒதுக்கி வைன்னீங்க மதினி, நான் சோறும் வடையும் தூக்குவாளியில எடுத்து வச்சேன், அதுக்குள்ள அந்தப் பிள்ள போயிட்டு" என்கிறாள். சாயங்காலம் அது ஊசிப்போய் மாட்டுக்கு வைத்ததாம். ஆனால் நான் சத்தியம் பண்ண மாட்டேன். அன்று என் வாயில் என்ன வந்தது என்று எனக்கே தெரியாது. உன் முகத்தைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. நீ காலையில் இருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை என்பதும் பொறுக்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தது. இப்போதும் இருக்கிறது. இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியாது.

பிச்சம்மாள்


கோயம்புத்தூர்
22.4.2025

அத்தைக்கு,

மூன்று கார்டும் வந்தன. மூன்றில் இரண்டு அவர் கட்டில் உள்ளவை. எல்லாவற்றிலும் மல்லிகை வாசம், ஹாஸ்டல் ரூம் முழுக்க.

"அவளை"யா "அவளுக்"கா என்று நான் ஒரு வாரமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் இருந்தது உண்மைதான். நான் கேட்க நினைத்ததைக் கேட்டிருக்கலாம். அதை அப்படியே விட்டுவிடுவோம்.

காய்ச்சல் விஷயம். முதல் நாளே நான் போனை எடுத்தேன், அவர் பிடுங்கி வைத்துவிட்டார். "அம்மாட்டச் சொல்லாத, உடனே பஸ் ஏறிருவா. பூ சீசன். ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றார். நான் கேட்டிருக்கக் கூடாது. அவர் தூங்கும்போது பேசியிருக்கலாம். இதை நீங்கள் மறக்க வேண்டும் என்று சொல்லவில்லை, எனக்கும் மறக்காது.

வேறு தாளில் நாற்பதையும் சின்னச் சின்னதாக வரைந்திருக்கிறேன். எனக்கு வரையத் தெரியாது. கழுதை மாதிரி இருப்பது குதிரை. இன்னும் ஒரு அடையாளம். புள்ளிக் கார்டிலேயே முதல் தடவை அச்சடித்தது, பிறகு அச்சடித்தது என்று உண்டு. முதல் தடவையுடையதில் படத்தைச் சுற்றி இருக்கிற கறுப்புக் கோடு கொஞ்சம் தடிமன். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். அவர் கட்டில் இருக்கிற கிணறு தடிமன் கோடு. அது முக்கியம், அதைத் தேடுங்கள். செருப்புப் பெட்டியில் அது கிடைத்த அன்றைக்குத்தான் நாங்கள் முதலில் பேசினோம். அதே கார்டுக்கு நானும் கையை நீட்டினேன். "நீங்க எடுத்துக்கோங்க, எனக்குக் காட்டினா மட்டும் போதும்" என்றார். நான் காட்டவில்லை, கல்யாணத்துக்குப் பிறகுதான் கொடுத்தேன்.

ஆட்டம் ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை.

அபிதா


சங்கரன்கோவில்
16.5.2025

அபிதாவுக்கு,

உன் குதிரை கழுதை மாதிரி இல்லை, ஆடு மாதிரி இருக்கிறது. ஆனாலும் கண்டுபிடித்துவிட்டேன், பொன்செல்விதான் வாலைப் பார்த்துச் சொன்னாள்.

வெயில் காலம், மல்லிகை வந்து குவிகிறது. எல்லாருக்கும் வேலை ஜாஸ்தி. அதனால் ஒவ்வொரு கார்டாகத்தான் வாங்க முடிந்தது. கோடு தடிமனா மெலிசா என்று பார்ப்பது எனக்குச் சிரமமாக இல்லை. மொட்டில் இன்று வெடிக்கிறதும் நாளைக்கு வெடிக்கிறதும் அதைவிட மெலிசான வித்தியாசம். கஷ்டம் எங்கே என்றால், கேட்பதில். ஒருத்தி வீட்டுக்கு மூன்று தடவை போனேன். மகளைப் பனவடலிசத்திரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது, அவளிடம் இருக்கிறது என்றாள். பஸ் ஏறிப் போனேன். அந்தப் பெண் அரிசி அளக்கும்போது தலை தட்ட எடுத்து வைத்திருந்தாள், நல்லவேளை அரிசிக்குள்தான் கிடந்தது. காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

கிணறு நாலு கிடைத்தது. மூன்று மெலிசுக் கோடு. தடிமன் கோடு ஒன்றுதான். அது யாரிடம் இருந்தது தெரியுமா? பொன்செல்வியிடம். நாலைக் கொடுத்தவள் ஐந்தாவதை வைத்துக்கொண்டாள். பூக்கட்டும்போது அட்டையை வாயில் கவ்விக்கொள்வது அவள் வழக்கம். மேல் ஓரத்தில் பல் பட்ட தடம் வரிசையாக இருக்கிறது. "ஏட்டி, இத ஏன் மறைச்ச?" என்றேன். "கெணறு நல்லாருக்கு மதினி. மூடியத் தொறந்தா தண்ணி இருக்கும்போலத் தோணுது" என்றாள். கிணற்றை எவன் மதிப்பான் என்று சொன்னதும் இவள்தான்.

நல்லகண்ணு அண்ணன் மறுபடி வந்தது. நான் உன் கடிதத்தில் உள்ளதை அப்படியே சொன்னேன். செருப்புப் பெட்டி, ஓரிரு தடவை அச்சடித்தது, யாரும் மதிக்காததை எடுத்து ஜெயிப்பது, எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தது. "அப்பம் மூளையுள்ள பயதான்" என்றது. பெட்டியை வெளியேற்றச் சொல்லி அதற்குப் பிறகு பேசவில்லை.

நாற்பதில் முப்பத்தாறு கிடைத்துவிட்டது. நாலு மழையில் நனைந்து கூழாகிவிட்டது என்றார்கள், கூழையே கொண்டுவந்து காட்டினார்கள். கிடைத்ததை ஈரத்துணியால் துடைத்து, துணிக்கு நடுவில் அடுக்கி, மேலே அம்மியைத் தூக்கி வைத்து ஒரு வாரம் விட்டேன். ஓரளவு நிமிர்ந்துவிட்டது. வெட்டுத் தடம் மட்டும் போகவில்லை. ரிஜிஸ்டர் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அவன் ஆட்டத்துக்கு நேரத்துக்கு வந்துவிடும்.

ஜெயித்தாயா என்று எழுது. திதியைப் பற்றியும் எழுது.

பிச்சம்மாள்


கோயம்புத்தூர்
4.6.2025

அத்தைக்கு,

நான் ஆடவில்லை.

பார்சல் நேரத்துக்கு வந்தது. புது மேலுறை வாங்கி எல்லாவற்றையும் போட்டேன். கூழாகிப்போன நாலுக்குப் பதில் நண்பர்கள் நாலு கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கடையில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். ஆரம்பிக்கும் முன் எல்லார் கட்டையும் பார்ப்பது வழக்கம். கடைக்காரர் என் கட்டை வாங்கி ஒவ்வொன்றாகத் திருப்பினார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. இதை வெச்சு ஆட முடியாதுங்க."

இந்த ஆட்டத்தில் ஒரு சட்டம். பின்பக்கத்தைப் பார்த்து இது இன்ன கார்டு என்று தெரியக்கூடாது. தெரிந்தால் அடுத்து என்ன வரும் என்று ஆடுகிறவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும், அது ஏமாற்று. நீங்கள் போட்ட கத்தரி வெட்டு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு இடத்தில் இருக்கிறது. உறைக்குள் போட்டாலும் தெரிகிறது. கிணற்றில் பல் தடம். எனக்கு இந்தச் சட்டம் தெரியும். தெரிந்தும் உங்களிடம் கேட்டு வாங்கி, உறை போட்டு, எடுத்துக்கொண்டு போனேன். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன் போல.

விலையும் இனி கிடையாது. வெட்டுப்பட்ட கிணற்றை யாரும் வாங்க மாட்டார்கள். நீங்கள் பனவடலிசத்திரம் வரை போய் வாங்கி வந்ததெல்லாம் கடையில் வைத்தால் வெறும் அட்டைதான். இதை உங்களிடம் மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

புதுசாக ஒரு கட்டு சேர்த்துத் தருகிறோம், அவர் வைத்திருந்த அதே நாற்பது, என்று நண்பர்கள் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். வெளியே வந்து டீ குடித்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ஓரமாக உட்கார்ந்து கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இது ஷாஹின் பானு அக்கா கொடுத்தது, இது அரிசிக்குள் கிடந்தது என்று எனக்கே தோன்றியது. எது யாருடையது என்று நீங்கள் எனக்குச் சொன்னதில்லை, நானாக வைத்துக்கொண்டேன்.

இந்தக் கட்டை இனி வெளியில் ஆட முடியாது. வீட்டில் ஆடலாம். இருபது இருபதாகப் பிரித்தால் இரண்டு பேர் ஆடலாம், அப்படியும் ஒரு முறை உண்டு. எதிரில் உட்காருகிறவர் பின்பக்கத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தாலும் பரவாயில்லை என்று நினைக்கிற ஆளாக இருக்க வேண்டும்.

திதிக்கு முந்தின நாள் கிளம்புகிறேன். கட்டையும் கொண்டுவருகிறேன். திரும்புகிற பஸ்ஸுக்கு டிக்கெட் போடவில்லை.

அபிதா


சங்கரன்கோவில்
11.6.2025

அபிதாவுக்கு,

ராஜபாளையத்தில் இறங்கி மாறிக்கொள். நேர் பஸ் என்று ஏற்றிவிட்டு வாசுதேவநல்லூரைச் சுற்றிக்கொண்டு வருவான், ஏறாதே. காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு. உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்ல எனக்கு இப்போது ஒரு சொல்லும் கைவசம் இல்லை, அதனால் வந்து நேரே தட்டு முன்னால் உட்கார்.

திதிக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஐயர் சொன்னதெல்லாம் அண்ணன் பார்த்துக்கொள்ளும். நீ என் பக்கத்தில் இரு, அது போதும்.

ஆட்டம் எனக்குத் தெரியாது, நீதான் சொல்லித் தர வேண்டும். ஆனால் ஒன்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அழக்கூடாது. அந்த முப்பத்தாறு கார்டையும் ஒவ்வொரு கையில் இருந்தும் நான் பிடுங்கி, துடைத்து, அம்மிக்கு அடியில் வைத்து எடுத்தவள். முன்பக்கம் எனக்கு வாசிக்க வராது. பின்பக்கம் அத்தனையும் மனப்பாடம். உன் கையில் என்ன இருக்கிறது என்று எதிரில் உட்கார்ந்தே சொல்லிவிடுவேன்.

ஜாக்கிரதையாக ஆடு.

பிச்சம்மாள்